ஆயிரத்து ஐந்நூறு

இடி விழுந்தது செவ்வாய்க்கிழமை.
எக்ஸ்ரே அறைக்கும் சேர்வர் அறைக்கும் நடுவிலிருந்த
புது சுவிட்ச் கருகிப்போக
அலுமாரிக்குள் கிடந்த பழசைத் தூசு தட்டிப் பூட்டினேன்.
பச்சை விளக்கு மினுங்கியது.
கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

புதன் விடிய துசியந்தினி மிஸ் எடுத்தா:
"தம்பி, ஒரு நெஞ்சுப்படமும் போகுதில்ல."

இருக்கிறாயா என்று கேட்டேன் சேர்வரிடம்.
இருக்கிறேன் என்றது.
நூறு தடவை கேட்டேன்,
நூறு தடவையும் இருக்கிறேன்.
அறுபத்து நாலு பைட் கேள்விக்கு
அறுபத்து நாலு பைட் பதில்.
ஒரு நுரையீரலை அனுப்பினால் மட்டும்
சத்தமே இல்லை.
மறுத்திருந்தாலாவது
சண்டை பிடித்திருக்கலாம்.

அதற்குள் கிருபைராசாவின் ஓட்டோ
சீடியோடு வெளிக்கிட்டுவிட்டது மட்டக்களப்புக்கு.
களுவாஞ்சிகுடி, செட்டிபாளையம், குருக்கள்மடம்,
ஆரையம்பதியில் பெற்றோல்,
காத்தான்குடியில் ஒரு பிளேன்டீ,
கல்லடிப் பாலம்.
ஒளியின் வேகத்தை அன்று
மூன்று தடவை வென்றான் அவன்.

நான் கேபிள் மாற்றினேன்.
எலியைத் திட்டினேன்.
இரவு பத்தரைக்குத்தான்
பொதியைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பெருப்பித்துப் பார்க்கப்
புத்தி வந்தது.
ஆயிரம், போனது.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு, போனது.
எழுபத்து மூன்று
இல்லை.

ஒரு பைட்.
தமிழில் ஓர் 'அ' எழுதவே
மூன்று வேண்டும்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
சித்திரை மாதம்
இரண்டு முனையிலும் ஒன்பதாயிரம் என்று மாற்றினவன் நான்.
பெரிய பொதி, படம் பறக்கும் என்று
பெரிய டாக்குத்தருக்கு விளக்கிக்
கைதட்டும் வாங்கினவன்.
கருகினது அதைத் தாங்கியது.
பழசு தாங்காது.
தாங்காது என்று சொல்லவும் தெரியாது,
எண்ணி எண்ணிக் கீழே போட்டுவிடும்.

வலையட்டையின் டிரைவரைத் திறந்து பார்த்தேன்.
முகம் தெரியாத யாரோ எழுதியிருக்கிறார்:
குறைந்தது அறுபத்தெட்டு,
கூடியது ஒன்பதாயிரம்,
ஒன்றும் சொல்லாவிட்டால் ஆயிரத்து ஐந்நூறு.
கோபத்தில் ஒன்பதாயிரத்து ஒன்று கேட்டேன்.
செல்லாது என்றது, உடனே.
தன் வாசலின் அகலம் அதற்குத் தெரியும்.
தெருவின் அகலம் தெரியும் என்று
அது ஒருநாளும் சொன்னதில்லை.
சொன்னது நான்.

இரண்டு முனையையும் இறக்கினேன்.
தேங்கிக் கிடந்த இருபத்தேழு நெஞ்சும்
ஒன்றன்பின் ஒன்றாய்ப் போகத் தொடங்கின.
யாருடையதோ, வலப்பக்கம் அடியில்
வெள்ளையாய் ஒரு திட்டு.
எனக்குப் படிக்கத் தெரியாது.
ஒரு நாள் பிந்திவிட்டது என்பது மட்டும் தெரியும்.

பதிவுப் புத்தகத்தில் நேரம் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'கேபிள் பழுது' என்று எழுதினேன்.

காலையில் கிருபைராசா வவுச்சரோடு வந்தான்.
மூன்று பயணம், இரண்டாயிரத்து எழுநூறுப்படி.
"காரணம் என்னண்ணே போட?"
"கேபிள்" என்றேன்.
என் முகத்தைப் பார்த்தான்.
எழுதாமல் பேனையைக் காதில் செருகிக்கொண்டு
"மறுகா சொல்லுங்க" என்று
போய்விட்டான்.