மூன்று விலைப்புள்ளி

துவாஸில் என் வேலை, வாங்குவது.
கப்பல் பட்டறைக்கு வால்வு, கயிறு, கையுறை.
ஒரு பெட்டித் திருகாணி என்றாலும்
மூன்று கடையில் விலை கேட்க வேண்டும்.
மூன்றாவது தாள் வராமல்
ஹுய் மின் கையெழுத்துப் போடமாட்டாள்.

பதினொரு மாதமாக
இரவு பன்னிரண்டுக்கு மேல்
ஒரே கடையில் வாங்குகிறேன்.

கைப்பேசிக்குள் ஒரு கோல்ஃப் திடல்.
மட்டை ஒன்றை நேரில் தொட்டதில்லை நான்.
பெருவிரலை இழுத்து விட்டால்
ஜூரோங் வெஸ்ட் பதினான்காம் மாடியிலிருந்து
யாரும் நடக்காத புல்வெளிக்குப் பந்து போகும்.

ஆயிரத்து இருநூறு வைரம்
பதின்மூன்று வெள்ளி தொண்ணூற்றெட்டுக் காசு.
மேலே சிவப்புக் கோட்டுக்குக் கீழே
எழுபது வெள்ளி என்றொரு விலை செத்துக் கிடக்கும்.
அந்த எழுபதுக்கு யாரும் வாங்கிப் பார்த்ததில்லை.
அடிபடுவதற்கென்றே பிறந்த எண்.

மூன்று பந்து, ஐந்நூறு வைரம்.
இரண்டு முறை வாங்கினால் இருநூறு மீறும்.
மீந்ததை வீணாக்குவானேன் என்று அடுத்த மூட்டை.
பழக்கதோஷம், எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன்:
ஐந்தாவது மூட்டையில் கணக்கு நேராகிவிடும்,
ஒரு வைரம் மிஞ்சாது.
மூன்றாவதை முடித்த வாரம்
பந்து ஐந்நூற்றைம்பது ஆனது.

ரோஸ்னாவின் தம்பி நிஜத் திடலில் வேலை பார்க்கிறான்.
குளத்தில் விழுந்ததை வலைபோட்டு எடுத்து,
கழுவி, பழைய பந்து ஒரு வெள்ளி.
என்னுடையது இரண்டு வெள்ளிக்கு மேல்.
தண்ணீரில் விழுந்தால்
தண்ணீரும் இல்லை, பந்தும் இல்லை.

பந்தின் பெயர் சூறாவளி.
காற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்குமாம்.
வாங்கிய இரவிலிருந்து
எல்லாத் திடலிலும் காற்று கூடிவிட்டது;
அப்படித்தான் எனக்குப் பட்டது, நிரூபிக்க முடியாது.
ஊதுகிறவனும் அவன்,
ஒதுங்க இடம் விற்கிறவனும் அவன்.
எங்கள் அலுவலகத்தில் இதற்கென்று ஒரு படிவம் உண்டு.
ஆண்டுக்கொருமுறை நிரப்பிக் கொடுக்கிறோம்,
"இல்லை, இல்லை, இல்லை" என்று.

வங்கித் தாளைப் பார்த்த தணிகை
சத்தம் போடவில்லை.
"ஃபோர்டி எடுத்தாலாவது பரிசு விழும்" என்றான்,
ஒன்பது வருடமாகப் பரிசு விழாதவன்.

போன மாதம் ஒரு வியாழன், ஒன்று நாற்பது.
எதிரில் 'புக்கிட் பாத்தோக் அங்கிள்' என்ற பெயர்.
ஆணோ பெண்ணோ, பன்னிரண்டு வயதுப் பையனோ.
காற்று இடமிருந்து வலம்.
என் பந்து மேட்டில் மோதி, ஒருமுறை தயங்கி,
உருண்டு
ஒரே அடியில் குழிக்குள்.
கத்தப் போன வாயைத் தலையணையில் அழுத்தினேன்.
பக்கத்தில் தணிகை புரண்டு படுத்தான்.
இந்த உலகத்தில் பார்த்தது ஒரே ஒரு ஆள்.
திரையில் இரண்டு கை தோன்றித் தட்டின.

அந்தக் கைதட்டல் கடையில் இருக்கிறது.
இருபது வைரம்.
நம் காசில் இருபத்துமூன்று.
தோற்றுக்கொண்டிருந்த அங்கிள்
எனக்காக எடுத்துச் செலவழித்தார்.

நியாய விலையா என்று கேட்டால்,
பதினைந்து மூட்டை, இருநூற்றொன்பது வெள்ளி எழுபது,
தொண்ணூற்றொன்பது பந்து:
இதைக் கேட்டால் சொல்வேன்.
கொள்ளை.
ஹுய் மின் என்றால் தாளை முகத்தில் எறிவாள்.
அந்த இருபத்துமூன்று காசுக்கு மட்டும்
இரண்டாவது விலைப்புள்ளி எங்கே வாங்குவது,
தெரியவில்லை.

கணக்கில் இருநூறு வைரம் கிடக்கிறது.
பந்துக்குப் போதாது.
பத்துக் கைதட்டல் வரும்.
அதையும் அவன்தான் விற்கிறான், தெரியும்.
மணி பன்னிரண்டரை.
அங்கிள் பெயருக்குப் பக்கத்தில்
பச்சைப் புள்ளி இன்னும் வரவில்லை.