கதவின் இரண்டு பக்கம்

தோஹா, சனையா, முப்பத்தெட்டாம் தெரு.
மெஸ் வாசலில் எங்கள் பலகை.
கம்பெனி தந்ததில்லை. சைட்டில் கழித்துப் போட்ட கதவு;
எனாமல் பூசி நிமிர்த்தியதும் பலகை என்றாகிவிட்டது.
கைப்பிடி இருந்த துளை மட்டும் அப்படியே.

கேட்க இருப்பவன் கேள்வி எழுதலாம்,
தெரிந்தவன் அடியில் பதில் எழுதலாம்.
அதற்கு மேல் சட்டமில்லை.

நான் டைம் கீப்பர். தலை எண்ணுவது பிழைப்பு.
இருநூற்றுப் பத்துப் பேரில்
எழுதுவது ஏழு பேர். அதே ஏழு பேர்.
பத்தாக்கா முடியப்போகிறது, யாரைப் பார்க்க என்று
தொம்மை கேட்டதற்கு
அன்று இரவே பதில் வந்திருக்கிறது.
அதன்மேல் கிரிக்கெட், கிரிக்கெட்டின்மேல் சாம்பார்,
சாம்பாரின்மேல் யாரோ ஒருவனின் சாதி.
அவன் அபராதம் கட்டிவிட்டு வந்து
கதவுக்கு ஓர் உதை விட்டான்.

ஆள் ஆளாகக் கேட்டேன், ஏன் எழுதுவதில்லை?
"நேரமில்லைண்ணே." எல்லாரும் இதே.
அப்புறம் கேட்பதை விட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை
தண்ணீர் கேன்களுக்குப் பின்னால்
ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

நைட் ஷிப்ட் வருகிற நேரம் அங்கே விளக்கில்லை.
ஆணி அடித்தது ஃபோர்மேன் உயரத்துக்கு;
கம்பி கட்டும் நேபாளிகள் எம்பி எம்பி
ஒரு சொல் முடிக்குமுன் பின்னால் எவனோ சிரித்துவிடுகிறான்.
மார்க்கர் வைத்த அன்றே காணாமல் போகிறது.

நேரமில்லையாம்.

ஒரு பல்ப். ஒன்றரைச் சாண் இறக்கம்.
பைண்டிங் ஒயரால் மார்க்கருக்கு ஒரு கட்டு.
டிக்கெட், சம்பளம், பத்தாக்கா, மருந்து என்று நான்கு கட்டம்,
பதில் கிடைத்ததைச் சுற்றிப் பச்சை வட்டம்.
சண்டைக்காரர்களை விரட்டவில்லை. கதவுக்கு
இரண்டு பக்கம் உண்டே.
சுவரிலிருந்து பெயர்த்துக் கீலில் மாட்டினேன்,
பின்பக்கம் உங்களுக்கு என்றேன்.
கூட்டம் அங்கேதான் அதிகம், மறைப்பானேன்.
ஆனால் மூன்றாவது வாரம் யாரோ கேட்ட பத்தாக்காவுக்கு
முன்பக்கம் பதில் எழுதியது தொம்மை.

பிச்சைக்கனி விஷயம் பிறகுதான் தெரிந்தது.
சாரக்கட்டு ஆள். தினமும் எட்டு மணிக்குக்
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
பலகை முன்னால் இரண்டு நிமிடம் நிற்பார்.
என் வேலைக்கு அவரே சாட்சி என்று நினைத்திருந்தேன்.
மறுபூச்சுக்காக எல்லாவற்றையும் துடைத்த அன்று,
எட்டு மணி. கண்ணாடி. இரண்டு நிமிடம்.
வெறும் வெள்ளையைப் படித்துவிட்டுப்
படுக்கப் போனார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுச் சட்டம் ஒன்றே ஒன்று:
எழுதியவன் எட்டு மணிக்கு
அதை ஒருதரம் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.
பின்பக்கத்துக்கும் சேர்த்துத்தான்.
பாதி வசவு அன்றே உதிர்ந்தது;
கையால் எழுதியதைப் பலருக்கு
வாயால் சொல்ல வரவில்லை.

வெக்கை ஐம்பதைத் தொட்ட வாரத்தில்
பிச்சைக்கனி என் பக்கத்தில் வந்து நின்றார்.
"ஒண்ணு எழுதணும். நான் சொல்றேன், நீ எழுது."
சொன்னார்:
வீட்டுக்கு ஃபோன் போட்டா
'சாப்பிட்டாச்சா'வுக்கு அப்புறம்
நீங்கள்லாம் என்னதான் பேசுவீங்க?

நான் போட்ட கட்டம் எதிலும் அது அடங்கவில்லை.
கோட்டின்மேலேயே எழுதினேன்.
எட்டு மணிக்கு அவரே சொன்னார், கண்ணாடி இல்லாமல்.

ஆறு நாள் யாரும் பதில் எழுதவில்லை.
யாரும் அழிக்கவுமில்லை.
ஏழாம் நாள் நேபாளியில் ஒரு வரி.
எருமை கன்று போட்டதா என்று கேட்பானாம்,
போடாது என்று தெரிந்தும்.
அதன் கீழே தொம்மை. அதன் கீழே பின்பக்கத்து ஆட்கள்,
ஒருவன் பின் ஒருவனாகக்
கதவைச் சுற்றி வந்து.

பச்சை வட்டம் போடலாமா என்று நின்றேன்.
ஒயரில் மார்க்கர் காய்ந்து தொங்கியது.
உதறிப் பார்த்தேன், தீர்ந்தேதான் போயிருக்கிறது.
இந்தக் கேம்ப்பில் களவு போகாமல்
தீர்ந்த முதல் மார்க்கர்.