பச்சைக்குப் பின் நாலு

நாளைய வழக்குப் பட்டியல்
இன்று மாலை ஏழுக்குமேல் வரும்.
சில நாள் எட்டாகும். வெள்ளிக்கிழமை வராது.
இதெல்லாம் ஐந்து மாதத்தில் படித்த பாடம்.
இரண்டு நீதிபதிகளும் கேட்டு முடித்து
"தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுந்து போனது
மாசிக் கடைசியில்.
இப்போது ஆடி.

மார்த்தாண்டம் மேம்பாலம்
என் ஜன்னல் உயரத்தில் ஓடுகிறது.
களியக்காவிளை பஸ் போகும்போதெல்லாம்
மேசையில் டீ நடுங்கும்.
கீழே தேன்கடை. மாடி வாடகை இரண்டு மாத பாக்கி.
கடைக்காரர் அதைக் கேட்பதில்லை.
"ஜட்ஜ்மென்ட் வந்தாச்சா?" என்பார்.
அது வாடகை கேட்பதுதான்.

பத்து வருட வழக்கை ஒரு வரியில் சொல்லச் சொன்னால்
வரி எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் விழும் வாயை
ஆங்கில எழுத்தில் பொழி என்று நிரலில் எழுதியிருந்தேன்.
திரைகளை எண்ணி, இடைவெளி பார்த்து,
வள்ளம் உள்ளே ஏறலாமென்றால் பச்சை விளக்கு,
கூடாதென்றால் சிவப்பு.
அவ்வளவுதான் அந்தப் பெட்டி.

எதிர்த்தரப்பு வக்கீல் உரக்க வாசித்தார்:
"போலி."
கோர்ட் சிரித்தது.
கூண்டில் நின்றபடி நானும் சிரித்துவிட்டேன்.
பிறகு கிருபாநிதி எழுந்து
கம்பெனியின் நிரலை,
சொந்தமாக எழுதியது என்று அவர்கள் சத்தியம் செய்ததை,
நீட்டினார்.
தமிழே தெரியாத ஊரில் எழுதிய நிரல்.
அதே வரியில் அதே போலி.

அன்று ஜெயித்தோம்.
முப்பதாம் நாள் மேல்முறையீடு.
கூடவே ஒரு தடை:
இறுதித் தீர்ப்பு வரும்வரை இரு தரப்பும்
விற்கக் கூடாது, திருத்தக் கூடாது,
ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடக் கூடாது.

மணலுக்கு அந்த உத்தரவு
சார்வு செய்யப்படவில்லை.
போன வருஷக் கச்சானில் அது மேற்கே நகர்ந்தது.
பொழியின் வாய் ஒடுங்கி
திரை முன்னைவிடத் தாமதமாக உடைகிறது.
பெட்டி பழைய கணக்கிலேயே
பச்சை காட்டுகிறது, கொஞ்சம் முந்தி.
எவ்வளவு முந்தி என்று எனக்குத் தெரியும்.
மாற்ற வேண்டியது ஒரே ஒரு எண். பத்து நொடி வேலை.
சில இரவுகளில் மாற்றிப் பார்ப்பேன்,
சேமிக்காமல் மூடுவேன்.
அறுபத்தெட்டு வள்ளங்களில்
இன்னும் அந்தப் பெட்டி இருக்கிறது.

நேற்று, பூசை முடிந்த நேரம், துறைமுகத்துக்குப் போனேன்.
சிலுவைதாசன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
அண்ணே, அந்தப் பெட்டியைக் கழற்றிப் போட்டுருங்க, என்றேன்.
(அப்படிச் சொல்வது தடைக்குள் வருமா என்று
வக்கீலிடம் கேட்கவில்லை.)
"என்னத்துக்கு?"
வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"ததேயுஸுக்க வள்ளம் கவுந்த பெறவு
பச்சை வந்த ஒடனே யாரும் கேறமாட்டோம் மக்களே.
நாலு எண்ணுவோம். பெறவுதான் எஞ்சின்."
வள்ளம் கவிழ்ந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை.
"ஆளுக்கு ஒண்ணுமில்ல," என்றார்.
"எஞ்சின் போச்சு."

நாலு.
நான் போட்ட கணக்கில் மூன்று புள்ளி எட்டு.

திரும்பி வரும் வழியெல்லாம்,
குழித்துறை பாலம் தாண்டியும்,
வாய்க்குள் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.
என் தப்பின்மேல் அவர்கள் ஒட்டுப்போட்ட எண்.
எந்த நிரலிலும் இல்லாதது.
அதற்குத் தடை வாங்க
யாருடைய வாயை மூட வேண்டும்?

இன்று கிருபாநிதிக்குச் செய்தி அனுப்பினேன்:
வள்ளக்காரர்கள் நாலு எண்ணுகிறார்கள்.
நீல டிக் விழுந்தது. வெகுநேரம் பதில் இல்லை.
பிறகு வந்தது:
"இதையெல்லாம் எழுத்தில் அனுப்பாதீர்கள்."

ஏழு இருபது. பட்டியல் வந்துவிட்டது.
நூற்றுப் பதினேழு பக்கம்.
எங்கள் எண் இல்லை.
ஒரு எண் தள்ளி
யாரோ ஒருவரின் உயில் வழக்கு இருக்கிறது.

கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.
படிக்கட்டில் ஒரு நிமிடம் நின்றார்.
இன்று ஒன்றும் கேட்கவில்லை.