பந்தம் எத்தனை மிச்சம்

ஃபர்வானியாவில் மூன்றாம் மாடி.
ஏசிக்குக் கீழே வாளி வைத்திருப்போம், சொட்டும்.
புதன் இரவு, சோறு வடித்த கையோடு
ரொசாரியோ அட்டை மறைப்பை நிமிர்த்துவான்.
பால்பவுடர்ப் பெட்டியைக் கிழித்துச் செய்தது.
அதற்கு மேலே அவன் கண்கள் மட்டும்.

வேலையை விட்டுப்போன வெள்ளைக்கார எஞ்சினியர்
இழுப்பறையில் மறந்துவிட்ட புத்தகம்;
அலுவலக ஜெராக்ஸில் திருட்டுத்தனமாய் எடுத்த பிரதி.
நாற்பத்தோராம் பக்கம் வெளிறி விழுந்திருந்தது.
அதனால் எங்கள் ராஜ்யத்தில்
மந்திரவாதிகள் எப்படித் தூங்குகிறார்கள் என்று
கடைசிவரை யாருக்கும் தெரியாது.

பகடைக்கு இருபது முகம். எண்கள் வெறும் குழிகள்.
கறுப்பு மெழுகைத் தேய்த்து நிரப்பினோம்.
இருந்தது ஒன்றே ஒன்று. கட்டிலடியில் உருண்டால்
நாலு பேரும் தரையில் படுத்துத் தேடுவோம்.

கீழக்கரை சதக்கத்துல்லா குள்ளன்.
கோடரிக்குக் காசு போதாமல்
முதல் மூன்று வாரம் சுத்தியலோடு வந்தான்.
காரைநகர் யோகச்சந்திரன் திருடன்.
"திறக்க முன்னம் காது வைச்சுக் கேப்பம்" என்பான்,
ஒவ்வொரு கதவுக்கும், திறந்து கிடந்த கதவுக்கும்.
நான் மந்திரவாதி.
உயிர் இரண்டு புள்ளி, நாளுக்கு ஒரு மந்திரம்.
எலி கடித்தே மூன்று முறை செத்திருக்கிறேன்.
செத்தால் புது ஆள், புதுப் பேர், பத்தே நிமிடம்,
மெடிக்கல் வேண்டாம், ஸ்பான்சர் வேண்டாம்.
அந்த ஒரு ராஜ்யத்தில்தான்
பாஸ்போர்ட் எங்கள் இடுப்பில் இருந்தது.

பத்தடிக் கழி. ஐம்பதடிக் கயிறு. ஏழு நாள் ரொட்டி.
பந்தம் ஆறு; ஒவ்வொன்றும் ஆறு சுற்று எரியும்.
பகலில் ஸ்டோர் கீப்பர், இரவிலும் நான்தான் கணக்கு.
"பந்தம் எத்தனை மிச்சம்?"
அதைக் கேட்கும்போது மட்டும் ரொசாரியோ குரலைத் தாழ்த்துவான்.
பக்கத்து அறை ரேடியோகூட
தலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

தொண்ணூறு, ஆகஸ்ட் முதல் தேதி.
பச்சை ஏறிய செம்புக் கதவு.
யோகன் காது வைத்தான்.
"மூச்சு கேக்குது" என்றான் ரொசாரியோ.
மணி பன்னிரண்டு. காலையில் வேலை இருந்தது.
அடுத்த புதன் பார்க்கலாம் என்று எழுந்தோம்.

விடியுமுன் ஜன்னல் அதிர்ந்தது.

பிறகு லாரி, பஸ், ஒரு எல்லை, இன்னொரு எல்லை,
நடுவே எந்த நாட்டுக்கும் சேராத கூடாரம்.
தண்ணீர் கேன் நாலு. குப்பூஸ் பதினொன்று. டார்ச் ஒன்று.
யாரும் சொல்லாமலே எண்ணிக்கொண்டிருந்தேன்.
சதக்கு எங்கிருந்தோ ஒரு நீளக் கம்பு எடுத்துவந்து
மணலைக் குத்திக் குத்தி முன்னால் நடந்தான்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும்.
அங்கேதான் ரொசாரியோவிடம் கேட்டேன்,
அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன.
"இன்னும் எழுதலடே.
நீங்க தெறந்தாத்தான எனக்கே தெரியும்."

இப்போது ஷார்ஜா. வெள்ளி மாலை
மகள் நிறைமதி ஒரு கஃபேக்குக் கூட்டிப்போனாள்,
அவள் கூட்டாளிகள் ஆடுகிற மேசைக்கு.
நகத்தளவு முகத்திலும் புருவம் தீட்டிய பொம்மைகள்.
டேப்லெட்டில் குகை; நாம் நகர்ந்தால்
வெளிச்சமும் கூடவே நகர்கிறது.
அழகு. பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.
எனக்கு ஒரு மந்திரவாதி தந்தார்கள்,
இருபத்தெட்டு உயிர்ப்புள்ளி. கை கூசியது.

பந்தம் எத்தனை மிச்சம் என்று கேட்டேன்.
எதிரே இருந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான்:
"இப்ப அதெல்லாம் யாரும் எண்றதில்ல அங்கிள்,
எல்லாருக்கும் இருட்டுல கண்ணு தெரியும்."

சட்டைப்பையில் அந்தப் பகடை கிடந்தது.
மெழுகு உதிர்ந்துபோய்
பதினொன்றையும் பதினேழையும் விரலால்தான் பிரிக்கலாம்.
அதை வெளியே எடுக்கவில்லை.
பேப்பர் நாப்கினில் ஆறு கோடு போட்டேன்.
என் முறை வந்ததும்
ஒன்றை அடித்தேன்.