டொக்

அடிவாரம் பங்கில்
பத்தாவது முறையாக டொக் என்று நின்றது குழாய்.
அறுபது ரூபாய்க்குக்கூட இறங்கவில்லை.
"ஃபுல்லாயிடுச்சா சார்?" என்றாள் பூங்காவனம்.
முள் சிவப்பில் கிடந்தது.

குழாயைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.
பாதி வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு
காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி புகட்டுவதுபோல்
சொட்டுச் சொட்டாக.
பின்னால் ஏற்காடு போகும் வண்டிகள்
ஹாரனிலேயே திட்டின.
டொக்.

கோரிமேட்டில் சம்சுதீன்
பின்சக்கரத்துக்கு மேலே கைவிட்டுத் துழாவினார்.
"பெட்ரோல் உள்ள போகணும்னா
காத்து வெளிய வரணும்ல. வழி அடைச்சிருக்கு."
மூச்சுக்குழாயைக் கழற்றித் தரையில் தட்ட
விழுந்தது ஒரு மண் உருண்டை.
விரிசலுக்குள் மரத்துப்போன பச்சைப்புழு,
அதை ஒட்டி
வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

"குளவி. வீட்ல யாராச்சும் மாசமா இருக்காங்களா?"
சிரித்தார்.
நான்கு மாதம் ஷெட்டில் நின்ற வண்டி.
நான்கு மாதமாக
நான் மட்டும் இருக்கிற வீடு.

திரும்பிப் போனேன்.
முப்பத்தைந்து லிட்டர் தாண்டித்தான் டொக்.
"என்னதான் சார் கோளாறு?"
சொல்லத் தெரியவில்லை.

டேஷ்போர்டில் தீப்பெட்டி,
தீப்பெட்டிக்குள் மண் உருண்டை.
முதல் கொண்டை ஊசி வளைவைக்
குலுங்காமல் திருப்பினேன்.