பச்சை அம்பு

தலையில் வலைத்தொப்பி, அதிலிருந்து ஒயர்கள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருபத்து மூன்றில் நர்ஸ் வந்து
வெளியே உட்காரச் சொன்னார்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லோஷினி,
அவள் முன்னால் திரையில் இரண்டு கதவுகள்.
ஒன்றைத் தொட வேண்டும்.
பச்சை அம்பு மேலே போனால் ஐம்பது காசு லாபம்.
சிவப்பு கீழே வந்தால் பாதி நட்டம்.

அந்தப் பச்சையை எனக்குத் தெரியும்.
பாகாவ் எண்ணெய் மில்லில் எடைப்பாலம் ஏறியதும்
எண் நிற்காமல் ஓடுமே, அந்த ரெண்டு வினாடி.
கணக்குக்கு மேல் அரை டன் என்றால்
முதுகுவலி போன இடம் தெரியாது,
குலை ஏற்றும் பையன்கள் விசிலடிப்பார்கள்.
எல்லாருக்கும் அப்படித்தான் என்றிருந்தேன்.

மார்ச் மாதம் பள்ளி ஓட்டப்போட்டியில் முதல் பரிசு.
கோப்பையை அரிசிவாளி மூடிமேல் வைத்துவிட்டு
கால் கழுவப் போனாள்.
ஒன்பது வயதில் என்ன அடக்கம் பாருங்கள் என்று
கடைத்தெரு முழுக்கச் சொன்னேன்.

பிறகொரு ஞாயிறு,
பள்ளிக் காலணிக்கு வெள்ளை பூசிக்கொண்டே,
"நான் இல்லன்னா உங்களுக்குச் செலவு கம்மிதானேப்பா."
பிரஷ் நிற்கவில்லை.
புனிதா அடுப்பை அணைத்தாள்.
சாகணும்னு தோணுதாம்மா,
நேராகவே கேட்டேன், வேறு எப்படிக் கேட்பது.
"சில நாள்" என்றாள்,
பஸ் லேட்டு என்பதுபோல.

டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார்.
ஜெயிக்கும்போது எழும்ப வேண்டிய கோடு
லேசாகத்தான் எழும்புகிறது.
தோற்கும்போதும் கிட்டத்தட்ட அதே மட்டம்.
"இதை வச்சு நாளைக்கு என்னன்னு சொல்ல முடியாது.
ஆனா நன்றியில்லாத பிள்ளைன்னு மட்டும் நினைக்காதீங்க.
பரிசு அவகிட்ட போய்ச் சேரல."

சைக்கிள், கலர் பென்சில், பினாங்குப் பயணம்,
எல்லாம் மில் வாசல் லோரிகளாய்
எங்கோ வரிசையில் நின்றிருக்கின்றன,
பாரம் இறக்காமல்.

வியாழக்கிழமைதோறும் இப்போது சிரம்பான்.
பேசுவதற்கு ஒரு மிஸ்.
கோலப்பிலா தாண்டி வளைவுகளில் அவளுக்கு வாந்தி.
ராத்திரி அவள் அறைக்கதவு திறந்தே இருக்கும்,
அது எங்களுக்குள் ஒப்பந்தம்.
ஜெயித்த எட்டு வெள்ளி டேஷ்போர்டில் உறையோடு கிடக்கிறது,
வெயிலில் ஒரு முனை சுருண்டு.

நேற்றுத் திரும்பும்போது செம்பனைக்குள் நல்ல மழை.
"அப்பா, அந்த லோரிக்கு ஒரு லைட்டுதான் எரியுது."
சீட்டில் முழங்கால் போட்டுத் திரும்பிப் பார்த்தாள்.
அதில் பரிசு ஒன்றுமில்லை.
நான் வேகத்தைக் குறைத்தேன்.