மூன்றாம் பதிப்பு

ஐந்து துணைவேந்தர்களுக்குச் சுருக்கெழுத்து எடுத்தவன் நான்.
நான்கு பேர் நடந்துகொண்டே சொல்வார்கள்.
தவமணி எபனேசர் உட்கார்ந்து சொல்வார்,
கமா எங்கே என்பதையும் சேர்த்து.

முப்பது வருடம் சட்டம் கற்பித்தவர்.
பாரிமுனைப் பழைய புத்தகக் கடையில்கூட
அவர் நூலின் மூன்றாம் பதிப்பு கிடைக்கும்,
யாரோ கோடிழுத்த பக்கங்களோடு.
எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பில்லை,
அறுநூறு பக்கத்துக்கும் அதுதான் சாரமாம்.
நான் படித்ததில்லை.

பொறுப்பேற்ற அன்று மேசையில்
பச்சை மைப் பேனா வைத்தேன்.
கறுப்பில் எழுதிய கை
கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை.
பிறகு பழகிவிட்டது.
எல்லோருக்கும் பழகும்.

ஓய்வூதிய நிலுவை, விடுதிச் சாம்பாரில் பல்லி,
பட்டமளிப்பு அங்கிக்கு யார் ஒப்பந்தக்காரர்.
இரண்டு வருடம் இப்படியே போனது.

ஆடியில் தேர்வுக் கட்டணம் ஏறியது.
பதினோரு பேர் வாசலில் படுத்தார்கள்.
கடற்கரைச் சாலையில்
திருவான்மியூர் வண்டிகள் வரிசையாக நின்றன.
கோட்டையிலிருந்து தொலைபேசி.
மூன்றாவது அழைப்பை எழுந்து நின்று பேசினார்.
அன்று மாலையே இடைநீக்க உத்தரவு:
ஒரே பத்தி. விசாரணை இல்லை.
கமா எங்கே என்று சொல்லவில்லை.
நானே போட்டுக்கொண்டேன்.

உயர் நீதிமன்றத்தில் பையன்களுக்காக நின்றது
அவரிடமே படித்த கதிஜா நாச்சியார்.
காட்டிய மேற்கோள் அவர் நூலிலிருந்தே,
பக்கம் இருநூற்றுப் பதினான்கு.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்களாம்.
கதிஜா சிரிக்கவில்லையாம்.

தீர்ப்பு நகல் வெள்ளிக்கிழமை வந்தது.
உத்தரவு ரத்து.
மேல்முறையீட்டுக்கு நாள் இருக்கிறது என்றார் பதிவாளர்.
நோட்டை விரித்து நான் காத்திருந்தேன்.
விடைத்தாள் திருத்துவதுபோல்
பென்சிலோடு படித்தார்.
ஏழாம் பத்தியில் நின்று,
இருநூற்றுப் பன்னிரண்டு என்றிருந்ததை அடித்து
ஓரத்தில் இருநூற்றுப் பதினான்கு என்று எழுதினார்.
"நீதிபதியிடம் இருப்பது பழைய பதிப்பு" என்றார்.
அந்தக் குரலில் இருந்ததற்கு
என் சுருக்கெழுத்தில் குறியில்லை.

பிறகு பதினோரு பெயர்களையும் சொன்னார்,
ஒவ்வொன்றும் முன்னெழுத்தோடு,
ஒவ்வொன்றுக்கும் பின்னால் கமா சொல்லி:
திங்கள்கிழமை வகுப்புக்கு வரலாம்.

பதிவாளர் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

கட்டணம் குறையவில்லை.
அதையும் எழுதி வைக்கிறேன்.